இடம் வலம் மாறிய அச்சு

சுவரில் தொங்குகிற காலண்டர் இன்னும் கொஞ்ச நாளில் ஒழிந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காலண்டர் போகவில்லை. சிவகாசியில் இன்றைக்கும் ஆடி பிறந்துவிட்டால் அச்சகங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. அப்படி ஓர் அச்சகத்தில் செவ்வந்திக்குப் படம் திருத்துகிற வேலை. லட்சுமியின் மூக்குத்தி மங்கியிருந்தால் துலக்குவாள். முருகன் கன்னத்தில் புள்ளி விழுந்திருந்தால் துடைப்பாள். “செவ்வந்தி கை பட்டா சாமிக்கே வயசு குறைஞ்சிரும்” என்று மெஷின்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். அச்சு சம்பந்தமாக உலகத்தில் யாரும் தனக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவள் எண்ணம். அந்தப் பெருமை அவளை ஒரு நாள் குப்புறக் கவிழ்த்தது. அந்தக் கதைதான் இது.

அவளுக்கு ஒரே மகள், துகிரா. ஐந்து வயது. பிறக்கும்போதே காது கேளாத பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை செய்து வலது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அதற்கு ஜோடியாக வெளியே, காதின் மேல் தொங்குகிற இன்னொரு கருவி. வெளியே இருப்பது சத்தத்தைப் பிடித்து உள்ளே இருப்பதற்கு அனுப்பும். பார்க்க முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்திருக்கும் என்பதால் வீட்டில் அதற்கு முந்திரி என்றே பெயர். பிள்ளை தூங்கும்போது முந்திரியைக் கழற்றி வைப்பார்கள், எழுந்ததும் மாட்டுவார்கள்.

மாட்டியவுடன் ஒரு விளையாட்டு உண்டு. துகிரா சுவரைப் பார்த்து உட்காருவாள். கையில் புளியங்கொட்டை, முன்னால் ஒரு டம்ளர். செவ்வந்தி பின்னால் நின்றுகொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒலி கேட்டால் டம்ளரில் ஒரு கொட்டை விழ வேண்டும். ஆறும் விழுந்தால் முந்திரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லித்தந்த முறை இது. இப்படிக் காது வைத்த பிள்ளை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் காலையில் முதல் சத்தம் அந்த டம்ளர் சத்தமாகத்தான் இருக்கும்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் ‘ஸ்’ விழவில்லை. பிள்ளைக்கு விளையாட்டு அலுத்துவிட்டது என்று செவ்வந்தி நினைத்தாள். அடுத்து ‘ஷ்’ விழவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் டம்ளர் காலியாகவே இருந்தது.

மதுரையில் இருந்த கம்பெனி சேவை மையத்தில் முந்திரியைத் திறந்து பார்த்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

“வேர்வை உள்ள இறங்கி போர்டை அரிச்சிருச்சு மேடம். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. ஆயுள் முடிஞ்சிருச்சு.”

“பிள்ளைக்கே அஞ்சு வயசுதாம்மா ஆகுது” என்றாள் செவ்வந்தி.

“புது மாடல் இருக்கு. ஆனா அதுக்கு உள்ள இருக்கிறதையும் மாத்தணும். திரும்ப ஆபரேஷன். அரசுத் திட்டத்துல பதிஞ்சு வைங்க, மூணு வருஷத்துல கூப்பிடுவாங்க.”

பயிற்சி டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. “பேச்சு பிடிக்கிற வயசு இதுதாம்மா. இந்த வயசுல மூணு வருஷம் சத்தமே இல்லாம இருந்தா…” என்று நிறுத்தினார்.

துகிராவிடமிருந்து வார்த்தைகள் உதிர ஆரம்பித்தன. ‘பஸ்’ என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் ‘ப’ என்றாள். எதிர்வீட்டுப் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் செவ்வந்தியின் சேலையைப் பிடித்துக் குடத்தைக் காட்டினாள். ஒரு நாள் ‘அம்மா’ என்பது வெறும் ‘ம்மா’ ஆனது. செவ்வந்தி அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிள்ளைக்குத்தான் கேட்காதே, எதற்குக் குழாயைத் திறந்தோம் என்று அப்புறம் நினைத்து இன்னும் அழுதாள். புருஷன் சரக்கு லாரியோடு வடக்கே இருந்தான். போனில் அவன் அழுவதையும் இவளே தேற்ற வேண்டியிருந்தது.

நாத்தனார் மிருதுளா அடுத்த தெருவில் இருந்தாள். அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, திறந்து கிடந்த முந்திரியை லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

“மதினி, சிப்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. துகிக்குன்னு அளந்து வச்ச கணக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். அடியில ஓடுற செம்புக் கோடுதான் அரிச்சிருக்கு. வீடெல்லாம் அப்படியே நிக்குது, ரோடு போயிருச்சு.”

“அப்ப ரோடு போடுவோம்.”

“ரோடு போட்டா ஜெயிலு.”

மிருதுளா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முத்திரைச் சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாட்டில் எந்த மின்பலகை ஆனாலும், குழந்தை பொம்மைக்குள் இருப்பது ஆனாலும், கம்பெனி முத்திரை இல்லாமல் இருக்கக்கூடாது. வீட்டில் பலகை செய்வது குற்றம். பலகையில் ஓடுகிற செம்புக் கோடுகளைக் காட்டும் கோட்டுப் படத்தை அச்சடிப்பதும் குற்றம்.

“அது ஏன் அப்படி ஒரு சட்டம் போட்டானுக?” என்றாள் செவ்வந்தி.

“சும்மா போடல மதினி. அப்ப ஆளாளுக்கு வீட்ல சார்ஜர் செஞ்சு வித்தாங்க. ஒரு நாள் ஒரு அடுக்குமாடி முழுசா எரிஞ்சு போச்சு. ஜனங்களே கேட்டு வாங்குன சட்டம்தான். அதுக்கப்புறம் வந்த பிரிண்டர் எல்லாத்துக்கும் கண்ணு வச்சிட்டாங்க. ரூபாய் நோட்டை அடிக்க விடாதில்ல, அந்த மாதிரி கோட்டுப் படத்தைக் கண்டாலும் நிறுத்திரும்.”

“காதுக்கு வைக்கிறதுல என்னத்தடி எரியப் போகுது?”

“சட்டத்துக்கு சார்ஜரும் தெரியாது, காதும் தெரியாது” என்றாள் மிருதுளா. பிறகு துகிராவைப் பார்த்தாள். துகிரா வாசற்படியில் உட்கார்ந்து, கீழே விழுந்த தட்டு ஏன் சும்மா இருக்கிறது என்பது போலத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். மிருதுளா பெருமூச்சு விட்டு, “சரி, ஸ்கூல் லேப்ல ஒரு பழைய செம்புத் தகடு கிடக்கு. சட்டத்துக்கு முன்னாடி எவனோ வாங்கிப் போட்டது. எடுத்துட்டு வரேன்” என்றாள்.

தபால் கார்டில் பாதி அளவு இருந்தது அந்தத் துண்டு. ஒரு பக்கம் செம்பு ஒட்டிய அட்டை. இரண்டு முயற்சிக்குத்தான் தாங்கும். வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

செய்முறைக்கு ஒரு பழைய வீடியோ கிடைத்தது. எந்தக் காலத்திலோ ஒரு கல்லூரிப் பையன் தன் அறையில் எடுத்தது. கோட்டுப் படத்தை லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அடிக்க வேண்டும். அந்தத் தாளைச் செம்பின் மேல் குப்புற வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சூட்டில் தாளில் உள்ள கறுப்புத் தூள் இளகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, செம்பை அரிக்கும் திராவகத்தில் போட்டால் கறுப்பு மூடிய இடம் தப்பிக்கும், மற்றது கரையும். அப்புறம் கறுப்பைத் துடைத்தால் கீழே செம்புக் கோடு.

வீடியோவின் முதல் பகுதியில் பையன் அச்சடிப்பதைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தான். செவ்வந்தி தள்ளிவிட்டாள்.

“ஏன் மதினி ஓட்டுறீங்க? பாப்போம்.”

“அச்சைப் பத்தி இவன் எனக்குச் சொல்லித்தரப் போறானா? இஸ்திரிக்கு வா.”

படம் வரைவது அவளுக்கு அல்வா சாப்பிடுகிற வேலை. பழைய பலகையின் செம்புப் பக்கத்தை அச்சக ஸ்கேனரில் எடுத்தாள். அரித்துப்போன கோடுகளை, தேய்ந்த சாமி நகையைத் திருத்துவது போல ஒவ்வொன்றாக இழுத்து இணைத்தாள். எது எதோடு சேர வேண்டும் என்று மிருதுளா பக்கத்தில் இருந்து சொன்னாள். அடிக்கத்தான் இடமில்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் தைரியமாகக் கொடுத்துப் பார்த்தாள். மெஷின் பாதியில் நின்று சிவப்பு விளக்கைப் போட்டது. கடைக்காரர் தாளையும் இவளையும் பார்த்து, “அக்கா, நீங்க வரவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல” என்றார். ஆனால் மெஷின் பார்த்துவிட்டது. அது அவளுக்கு அப்போது தெரியாது.

கடைசியில் அச்சக குடோனிலேயே ஒரு கிழட்டு லேசர் பிரிண்டர் அகப்பட்டது. கண் வைக்காத காலத்து மெஷின். கல்யாண சீசனில் முகவரிச் சீட்டு அடிக்க வைத்திருந்தார்கள். காலண்டருக்குப் போடுகிற ஆர்ட் பேப்பரில் ஒன்றை வெட்டி, சாப்பாட்டு இடைவேளையில் செவ்வந்தி அடித்தாள். கோடுகள் மயிரிழை பிசகாமல் வந்தன. அவளுக்கே தன் கையை முத்தமிட வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஞாயிறு சமையலறையில் வேலை நடந்தது. இஸ்திரிப் பெட்டியைச் செவ்வந்தி அழுத்த, மிருதுளா தகட்டைத் துணியால் பிடித்துக்கொண்டாள். இட்லி மாவு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் திராவகம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. “இந்த டப்பாவுல இனிமே மாவு வச்சீங்கன்னா நான் இந்த வீட்ல இட்லி தொடமாட்டேன்” என்றாள் மிருதுளா. டப்பாவை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். செம்பு கரைந்து, கோடு மட்டும் நின்றது. தின்னர் போட்டுத் துடைத்ததும் பொன் நிறத்தில் மின்னியது. பழைய பலகையிலிருந்து சிப்பை எடுத்துச் செவ்வந்தி அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

உட்காரவில்லை. முதல் கால் போக வேண்டிய இடத்தில் கடைசிக் கால் நின்றது. திருப்பிப் பார்த்தாள். பழைய பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது வலப்புறம் வளைந்தால் இது இடப்புறம் வளைந்தது. எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல.

என்ன நடந்தது என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. அவள் அச்சகத்தில் தகட்டில் எழுத்து நேராகத்தான் இருக்கும். தகடு ரப்பருக்குக் கொடுக்கும், ரப்பர் தாளுக்குக் கொடுக்கும். இரண்டு தடவை திரும்புவதால் தாளில் நேராகவே விழும். அந்தப் பழக்கத்தில் இதையும் நேராக அடித்துவிட்டாள். இங்கே ரப்பர் ஏது? தாளிலிருந்து செம்புக்கு ஒரே திருப்பம். முதலிலேயே இடம் வலமாகத் தலைமாற்றி அடித்திருக்க வேண்டும். அச்சு தெரியாத ஒருத்தி வீடியோவை ஒழுங்காகப் பார்த்திருப்பாள். பையன் அதைத்தான் முதல் பகுதியில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பாதித் தகடு போச்சு” என்றாள் செவ்வந்தி. “என் திமிருக்கு என் பிள்ளை காதுல பாதி போச்சு மிருது.”

“இன்னும் பாதி இருக்கில்ல. எந்திரிங்க.”

கெட்ட பலகையை மிருதுளா குப்பையில் போடப் போனாள். செவ்வந்தி பிடுங்கி அலமாரியில் வைத்தாள். அச்சகத்தில் கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போடமாட்டார்கள். அடுத்த தடவை மை சரிபார்க்க ஓட்டலாம் என்று எடுத்து வைப்பார்கள். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

இரண்டாவது தடவை தலைமாற்றி அடித்தார்கள். இஸ்திரி போட்டுத் தாளை உரித்தபோது ஒரு மூலையில் கறுப்பு சரியாக ஒட்டாமல் மூன்று கோடுகள் விட்டுப்போயிருந்தன. செவ்வந்தி பர்மனென்ட் மார்க்கரின் முனையை பிளேடால் சீவி ஊசியாக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அந்தக் கோடுகளைக் கையாலேயே வரைந்துவிட்டாள். சாமிக்குக் கண் திறக்கும்போதுகூட அவள் கை அப்படி நிதானமாக நின்றதில்லை. திராவகத்திலிருந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தார்கள். கோடு நின்றது. சிப்பு உட்கார்ந்தது. சால்டரிங் வைத்து ஒட்டியதில் செவ்வந்திக்கு ஆள்காட்டி விரல் கொப்பளித்துவிட்டது. பேட்டரியையும் அது சூடேறி எரியாமல் இருக்கக் கம்பெனி வைத்திருந்த காவல் பெட்டியையும் தொடாமல் அப்படியே மாட்டினாள்.

துகிரா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். செவ்வந்தி ‘ஆ’ என்று சொல்ல மறந்து பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிருதுளாதான் சொன்னாள். டம்ளரில் கொட்டை விழுந்தது. துகிரா திரும்பி அத்தையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், பிறகு கையில் இருந்த அத்தனை கொட்டையையும் ஒரே அடியாக டம்ளரில் கொட்டிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் மழைக்காலத்துச் செடி மாதிரி வார்த்தைகள் வந்தன. ‘ம்மா’ மறுபடி ‘அம்மா’ ஆனது. பூனைக்குப் பெயர் திரும்பியது. ‘ஸ்’ மட்டும் சொல்ல வராமல் கொஞ்ச நாள் அடம்பிடித்தது. அதுவும் வந்த பிறகு துகிரா எதற்கெடுத்தாலும் குக்கர் மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று வீட்டைச் சுற்றினாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிறு பகலில் அவர் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். காதை மூடுகிற மாதிரி தலைமுடி, தோளில் பை, கையில் டேப்லெட்.

“முத்திரை ஆபீஸ். என் பேர் கிருபாகரன்” என்றார். “உள்ள வெளிச்சத்துல உக்காந்து பேசலாமா? என் முகத்தப் பாத்துப் பேசுங்க.”

பொய் சொன்னால் கண்டுபிடிக்கத்தான் முகத்தைப் பார்க்கச் சொல்கிறார் என்று செவ்வந்தி நினைத்தாள். ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டாள். டேப்லெட்டில் அவள் முகம் இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் எடுத்த படம். பக்கத்தில் கோட்டுப் படம்.

சமையலறையிலிருந்து மிருதுளா, “சார், டீ போடட்டுமா?” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் இல்லை. “என்ன மிதப்பு பாரு” என்று அவள் முணுமுணுத்தது செவ்வந்திக்கு நன்றாகவே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்குமே என்று பதறினாள். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“போர்டு எங்க?” என்றார்.

செவ்வந்தி அலமாரியிலிருந்து கெட்ட பலகையை எடுத்து நீட்டினாள். “இதான் சார். தப்பா வந்துருச்சு. உபயோகமில்ல.”

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தப்பா வந்தது. சரியா வந்தது எங்க?”

கேள்வி முடியவும் தெருவிலிருந்து துகிரா உள்ளே ஓடி வரவும் சரியாக இருந்தது. வலது காதில் முந்திரி. மூடி சரியாகப் பொருந்தாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. கிருபாகரன் பார்த்தார். செவ்வந்தி மறைக்கப் பார்க்கவில்லை. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

“சார், பேட்டரி கம்பெனிது. அதோட காவலும் கம்பெனிது. நான் தொட்டது செம்புக் கோடு மட்டும். இது எரியாது.”

“எரியாதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இந்தச் சட்டத்துக்கு முன்னாடி, நான் வேற ஆபீஸ்ல வேலைக்குச் சேந்த புதுசுல அந்த அடுக்குமாடிக்கு நேர்ல போனேன். படிக்கட்டு முழுக்க கருகிக் கிடந்த ஆளுங்க. நம்ம செஞ்சது எரியாதுன்னு சொன்னவனும் அதுல ஒருத்தன்.” அவர் குரல் உயரவில்லை. “உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா. ஆனா முத்திரை இல்லாத போர்டைப் பாத்துட்டு விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்ல. கழட்டிக் குடுங்க.”

“நீங்களே கழட்டிக்கங்க சார்” என்றாள் செவ்வந்தி. “என் கையால முடியாது. மாட்டுன கை இது.” சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

துகிரா இதையெல்லாம் கவனிக்கவில்லை. பையும் டேப்லெட்டுமாக ஒருவர் வந்தால் அவர் காது டீச்சர் என்பது அவள் கணக்கு. ஓடிப்போய் டம்ளரையும் புளியங்கொட்டையையும் எடுத்து வந்தாள். கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். டம்ளரைச் சுவரோரம் வைத்தாள்.

“மாமா, செவுரு பாத்து உக்காரு” என்றாள், அவர் முகத்துக்கு நேராக.

கிருபாகரன் கையில் இருந்த கொட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று நழுவியது. மறுப்பார் என்று செவ்வந்தி நினைத்தாள். அவரோ பழகிய பிள்ளை போல எழுந்து, தரையில் சப்பணம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

துகிரா பின்னால் நின்றாள். “ஆ” என்றாள். கை அசையவில்லை. “ஊ.” இல்லை. “ஈ” என்று கத்தினாள். மிருதுளா சமையலறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள். ம், ஷ், ஸ் எல்லாம் ஆயிற்று. டம்ளர் காலியாக இருந்தது.

துகிரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, மாமாக்குக் கேக்கல” என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு இருந்த வருத்தம் நிஜமான வருத்தம்.

செவ்வந்தி சுற்றி வந்து, அவர் பார்க்கிற மாதிரி எதிரே சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் கண் அவள் உதட்டில் நின்றது. வெளிச்சத்தில் உட்காரச் சொன்னது எதற்கென்று இப்போது புரிந்தது.

“எத்தனை நாளா சார்?”

அவர் இடது காதுப் பக்கம் முடியை ஒதுக்கினார். பின்னால் பழைய தழும்பு. காதின் மேல் ஒன்றுமில்லை. “தை மாசத்துலேர்ந்து” என்றார். “வலது பிறவியிலேயே கேக்காது. இடதுல வச்சிருந்தாங்க. போர்டு போயிருச்சு, மாடலும் போயிருச்சு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வெளி வேலை கிடையாது, மூலையில உக்கார வச்சிருவாங்க. சின்ன வயசுல எங்கம்மா தினம் இப்படித்தான் உக்கார வைப்பாங்க. அதான், பாப்பா கொட்டையக் கையில வச்சதும் நான் யாருன்னே மறந்துருச்சு.”

“முத்திரை ஆபீஸ்லயே இருக்கீங்க. உங்களுக்குக் கூடவா போர்டு கிடைக்கல?”

“எனக்கும் அதே மூணு வருஷம்தான்.” கொட்டையை விரலில் உருட்டினார். “உங்கள மாதிரி வீட்ல செஞ்சவங்க மேல நான் கேஸ் எழுதியிருக்கேன்மா. அப்ப எனக்குக் காது கேட்டுச்சு.”

அவர் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு முந்திரி. செத்துப்போன பிறகும் கூடவே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

செவ்வந்தி அதை வாங்கிப் பார்த்தாள். இடம் வலம் பார்க்கிற கண் அவளுக்கு. துகிராவுடையது வலப்புறம் வளைந்தால் இது இடப்புறம் வளைந்திருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே சிப்புகள் துகிராவின் பலகையில் இருப்பதற்கு மறுபக்கம், செம்புக் கோடு ஓடுகிற பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. கம்பெனிக்காரன் இடது காதுக்கென்று தனியாக ஒன்றும் மெனக்கெடவில்லை. வலது காதுப் படத்தையே தலைமாற்றி அடித்து, சிப்பை மறுபக்கம் வைத்திருக்கிறான்.

“மிருது” என்று கூப்பிட்டாள். “அந்தக் கெட்டதை எடு.”

நாற்காலியில் கிடந்த கெட்ட பலகையை மிருதுளா எடுத்துத் தந்தாள். செவ்வந்தி அதை அவர் முந்திரியின் கூட்டுக்குள் வைத்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

கிருபாகரன் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “இது தப்பா வந்ததுன்னு சொன்னீங்களே” என்றார்.

“என் பிள்ளைக்குத்தான் சார் தப்பு.”

அவர் தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. துகிரா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

போகும்போது அவர் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். “இதை நான் மறைக்கப் போறதில்லம்மா. மறைச்சா உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். பேட்டரியத் தொடாத போர்டுக்கு, உடம்புல மாட்டுற கருவிக்கு மட்டும் விலக்கு வேணும்னு எழுதப் போறேன். என் பேரப் போட்டு, என் காதையும் சொல்லி. முடிவு வர்ற வரைக்கும் பாப்பாது பாப்பாகிட்டயே பரிசோதனைக்கு இருக்கட்டும்னு எழுதுனா யாரும் கேக்கமுடியாது.”

“உங்க வேலை?”

“போனா போகட்டும்னு சொல்ற அளவுக்குத் தைரியம் இல்ல. ஆனா எழுதிருவேன்.” வாசலில் நின்று திரும்பினார். “மதுரையில பேச்சுப் பயிற்சிக்கு வர்றவங்கள்ல இதே மாடல் எனக்குத் தெரிஞ்சு இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. சும்மா உக்காந்திருக்காங்க.”

“இடதா வலதான்னு கேட்டுட்டு வாங்க சார்” என்றாள் மிருதுளா, இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று.

அவர் எழுதினார். விலக்கு கிடைத்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது மேசைக்கு மேசை ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் யாரும் வந்து துகிராவின் காதைத் தொடவில்லை. கிருபாகரனை மூலையில் உட்கார வைத்தார்கள். மூலையில் இருந்துகொண்டு அவர் அந்தக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

பரிசோதனைக் கருவி என்று இரண்டாவதாகத் தன்னுடையதையும் பதிந்துவிட்டு அவர் மறுபடி வந்தது ஐப்பசி மழையில். அவர் அன்றைக்கே விட்டுப்போயிருந்த முந்திரியின் சிப்புகளைச் செவ்வந்தி கெட்ட பலகையில் மறுபக்கம் வைத்து ஒட்டித் தயாராக வைத்திருந்தாள். மாட்டிவிட்டாள். மாட்டியவுடன் அவர் கண்ணை மூடிக்கொண்டார். துகிரா விடுவாளா? கையில் கொட்டையைத் திணித்துச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டாள்.

“ஆ.” கொட்டை விழுந்தது. “ஊ.” விழுந்தது. ஈயும் ம்மும் விழுந்தன. ‘ஷ்’ஷுக்குக் கை கொஞ்சம் தயங்கிப் பிறகு விட்டது. துகிரா மூச்சை இழுத்துக்கொண்டாள். தனக்கு இத்தனை பாடுபடுத்திய ஒலி அது. மாமாவுக்கும் படுத்தும் என்று நினைத்தாளோ என்னவோ, அவர் அருகில் குனிந்து, சத்தமே இல்லாத மாதிரி மெல்ல, “ஸ்” என்றாள்.

டம்ளரில் ஆறாவது கொட்டை விழுந்தது.

துகிரா கைதட்டினாள். வெளியே மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மனசில்லை போலிருந்தது. சமையலறையில் மிருதுளா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில், பதில் வராது என்ற நினைப்பிலேயே வாய்க்குள் கேட்டாள், “சார், டீ போடட்டுமா?”

“போடுங்க” என்றார் கிருபாகரன், திரும்பாமலே. “சர்க்கரை கம்மியா.”